‘ஆனா’ இல்லாத வாக்குமூலம்

நாற்பதைத் தாண்டிய ஒரு மனிதன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். விளாங்குடியில் எங்கள் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அங்கேதான் மறைக்கல்வி வகுப்பு. அந்த வருஷம் முழுக்க நான் அங்கே தாடையைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் மகள். நான்காவது படிக்கிறாள். அவளுக்குப் புதுநன்மை, அதாவது முதல் தடவையாக நற்கருணை வாங்கும் நாள் வரப்போகிறது. அதற்கு முன்னால் முதல் பாவசங்கீர்த்தனம் முடித்தாக வேண்டும். செய்த பாவங்களை ஃபாதரிடம் வாய்விட்டுச் சொல்லி மன்னிப்பு வாங்குவதுதான் அது. அவள் வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து அவள் அப்பாவும் முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் படிக்கிறார் என்பதுதான் அந்த வருஷம் கொட்டகையில் பெரிய வேடிக்கை.

நான் பிறந்தது திருப்பரங்குன்றத்தில். வீட்டில் நினைவு தெரிந்த நாளாக முருகன்தான். கட்டிக்கொண்டது கிறிஸ்தவப் பெண்ணை, பள்ளிக்கூட டீச்சர். கல்யாணத்துக்கு முன்பு அவசர அவசரமாக எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். “மத்ததெல்லாம் பொறவு நிதானமாப் பாத்துக்கலாம்” என்று சொன்ன ஃபாதர், நிதானமாகப் பார்ப்பதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார். அதற்குப் பிறகு என்னை யாரும் கேட்கவில்லை, நானும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அதனால் ஒவ்வொரு ஞாயிறும் நன்மை வாங்கும் நேரத்தில் எங்கள் பெஞ்சே எழுந்து என் முழங்காலை உரசிக்கொண்டு போகும், நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். உட்கார்ந்திருக்கிறவன் சும்மாதானே இருக்கிறான் என்று ஆளாளுக்குக் கைப்பை, குடை, வண்டிச் சாவி, செல்போன் எல்லாவற்றையும் என் மடியில் வைத்துவிட்டுப் போவார்கள். முன் பெஞ்சு அக்கா பின் பெஞ்சு அக்காவிடம், “வக்கீல் தம்பிகிட்ட குடுங்க, பாத்துக்குவாரு” என்று சிபாரிசே செய்வார். கோர்ட்டில் எனக்கு இந்த அளவு நம்பிக்கையான கட்சிக்காரர்கள் கிடையாது.

அம்மாவோடு வரிசையில் போன மகள் ஒரு நாள் திரும்பிப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து கேட்டாள்.

“அப்பா, என் புதுநன்மை அன்னைக்கும் நீங்க பையை வச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருப்பீங்களா?”

“இல்ல பாப்பா, உன் பக்கத்துல நிப்பேன். நீ வாங்குறப்ப நானும் வாங்குவேன்.”

“சத்தியமா?”

உள்ளங்கையை நீட்டினாள். அடித்துச் சத்தியம் செய்தேன். சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் அதற்குள் என்ன இருக்கிறது என்று விசாரித்தேன். இது ஒரு வக்கீல் செய்யக்கூடாத காரியம்.

எனக்குத் தனியாக வகுப்பு எடுக்கச் சொல்லிக் கேட்டேன். மறைக்கல்வி சிஸ்டர் சிவகங்கைப் பக்கத்துக்காரர். என் தோள் உயரம்தான் இருப்பார், குரல் மட்டும் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். “முதப் பாவசங்கீர்த்தனம்னா எல்லாரும் இந்தப் பெஞ்சுதான் சார்” என்று சொல்லிவிட்டார். அப்புறம் முதல் வகுப்பிலேயே சட்டத்தைச் சொன்னார்.

“பாவத்தச் சொல்லணும், கதையச் சொல்லக் கூடாது. அடுத்தவங்க செஞ்சதச் சொல்லக் கூடாது. முக்கியமா ‘ஆனா’ங்கிற வார்த்தை வரவே கூடாது. தம்பிய அடிச்சேன், ஆனா அவன்தான் மொதல்ல கிள்ளுனான்னு சொன்னா அது பாவசங்கீர்த்தனம் இல்ல, பிராது.”

நான் சிவில் வக்கீல். எதிர்வாதிக்குப் பதிலுரை எழுதுவதில் எனக்குத் தல்லாகுளம் பக்கம் கொஞ்சம் பெயர் உண்டு. ‘வாதி கூறும் சங்கதிகள் அனைத்தும் பொய், கற்பனை என மறுக்கப்படுகிறது’ என்று ஆரம்பித்தால்தான் எனக்குப் பேனாவே ஓடும். என் ஆபீசுக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, “எதையும் ஒத்துக்கிறாதீங்கண்ணே.” அந்த வாயால் நான் ஒத்துக்கொள்ள வேண்டுமாம். அதிலும் ‘ஆனா’ இல்லாமல். ‘ஆனா’வை எடுத்துவிட்டால் என் தொழிலில் மிஞ்சுவது கறுப்புக் கோட்டு மட்டும்தான்.

பிள்ளைகளுக்கு இந்தக் கஷ்டமே இல்லை. கொசுவை அடித்தால் பாவமா, டீச்சரை மனசுக்குள் திட்டினால் பாவமா, தூங்குகிற தாத்தாவின் காதில் தண்ணீர் விட்டால் எந்த வகைப் பாவம் என்று வரிசையாகக் கேட்டார்கள். இடைவேளையில் என்னிடமும் வந்தார்கள். ஒருத்தி ரகசியமாக, “வக்கீல் அங்கிள், நான் தங்கச்சி முட்டாயத் திங்கல, திங்கணும்னு நெனச்சேன். கேசு நிக்குமா?” என்றாள். சாட்சி இல்லாவிட்டால் நிற்காது என்றேன். சிஸ்டர் கேட்டுவிட்டார். “சார், இங்க யாரும் ஜாமீன் எடுக்க வரல” என்று என்னைக் கடைசிப் பெஞ்சுக்கு மாற்றினார். மகள் என்னோடு வரவில்லை.

அடுத்தது ஆத்தும சோதனை. தனியாக உட்கார்ந்து, செய்த பாவங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்க வேண்டும். நான் கொஞ்சம் உற்சாகமாகவே உட்கார்ந்தேன். காலேஜ் ஹாஸ்டலில் நான் சும்மா இருந்தவன் இல்லை. சொல்லும்படி நாலு விஷயம் இருந்தது. ஆனால் சிஸ்டர், “ஞானஸ்நானத்துக்கு முந்தி செஞ்சதெல்லாம் அந்தத் தண்ணியோடயே போயிருச்சு சார். அதெல்லாம் சொல்ல வேண்டியதில்ல” என்று ஒரே வரியில் தள்ளுபடி செய்துவிட்டார். எனக்குப் பெரிய ஏமாற்றம். என் வாழ்க்கையில் கேட்கும்படியாக இருந்த பாவமெல்லாம் போய்விட்டது. மிச்சம் இருப்பது கல்யாணத்துக்குப் பின் செய்தவை. குழம்பில் உப்பு இல்லை என்று கத்தியது, மாமனார் போன் செய்தால் குளிக்கிறேன் என்று சொல்லச் சொன்னது. இதைப் போய் ஒரு மனிதரிடம் முட்டி போட்டுச் சொல்வதா?

மனைவி உதவிக்கு வந்தாள். ரொம்ப ஆர்வமாக வந்தாள்.

“யோசிக்க வராட்டி என்கிட்ட கேளுங்க. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு.”

“ஆத்தும சோதனைய அவங்கவங்கதான் செய்யணுமாம்.”

“செய்ங்க. விட்டுப்போனத நான் எடுத்துக் குடுக்குறேன்.”

எடுத்துக் கொடுத்தாள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே, நான் மறந்தே போன வருஷங்களிலிருந்தெல்லாம் கொண்டுவந்து போட்டாள். ஒவ்வொன்றுக்கும் நான் விளக்கம் சொன்னேன். ஒவ்வொரு விளக்கமும் ‘ஆனா’வில்தான் ஆரம்பித்தது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. சனியன் பிடித்த அந்தக் கேள்வி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. “யாரு கூடயாவது பேசாம இருக்கீங்களா?” என்று சிஸ்டர் கேட்டார். கொட்டகையில் பாதிப் பேர் கையைத் தூக்கினார்கள். “இப்பவே ராஜியாகுங்க” என்றார். பத்து நிமிஷத்தில், ஆளுக்குப் பாதி பிஸ்கட்டோடு, அத்தனை வழக்கும் முடிந்தது. நான் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது என் மகள் எழுந்தாள்.

“சிஸ்டர், எங்கப்பா எங்க பெரியப்பா கூடப் பேச மாட்டாரு.”

அத்தனை தலையும் கடைசிப் பெஞ்சுக்குத் திரும்பியது. சரி, சங்கதியைச் சொல்லிவிடுவோம் என்று எழுந்து நின்று சொன்னேன். இரண்டு வருஷம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பரங்குன்றத்தில் என் அண்ணன் புதுவீடு கட்டிக் குடிபோனார். மகளுக்கு அம்மை போட்டிருந்ததால் மனைவியும் அவளும் வரவில்லை, நான் மட்டும் போனேன். இங்கே கோயிலில் பூசை முடிந்து போய்ச் சேரக் கொஞ்சம் தாமதம். சொந்தத் தம்பி வருகிறானே, முதல் பந்தியில் ஓர் இடம் பிடித்து வைப்போம் என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கடைசிப் பந்தியில், பாத்திரம் கழுவ வந்தவர்களோடு உட்காரவைத்தார்கள். வடை தீர்ந்துபோயிருந்தது. அப்பளம் தூளாக வந்தது. “பூசைக்குப் போயிட்டு வாரவனுக்குக் கடைசிப் பந்தியா? மதம் மாறிட்டேன்னுதானே இம்புட்டும்?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டு, இலையை மூடிவிட்டு எழுந்து வந்தேன். அன்றையிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை.

நல்ல வாதம். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். வடை தீர்ந்த இடத்தில் ஒருவன் ‘ச்சே’ என்றான்.

“இதுல உங்க பாவம் எது சார்?” என்றார் சிஸ்டர்.

“என் பக்கம் ஒண்ணும் இல்ல சிஸ்டர்.”

“அப்ப நீங்க இன்னும் தயாராகல.”

அன்று சாயங்காலம் வீட்டில் ஒத்திகை. மகள்தான் ஃபாதர். கோயிலில் பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற மரக்கூண்டில் நடுவே சல்லடை மாதிரி ஒரு தடுப்பு இருக்கும், அதற்குப் பதிலாகப் பின்பக்கம் ஓட்டை ஓட்டையாக இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியை நடுவில் போட்டாள். நான் இந்தப் பக்கம் முட்டி போட்டேன். “பெரியப்பா கேச ஆரம்பிங்க” என்றாள். ஆரம்பித்தேன். “ஆனா சொன்னீங்க, அவுட்” என்றாள். மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி அவுட். ஏழெட்டுத் தடவை அவுட்டான பிறகு எனக்குக் கோபம் வந்து, இது என்ன விளையாட்டு என்று கத்தினேன். அவள் நாற்காலி ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. “அப்ப நீங்க என் பக்கத்துல நிக்க மாட்டீங்கதானே?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“ஏங்க, அன்னைக்கு நீங்க எந்தப் பூசைக்குப் போனீங்க?”

“காலைப் பூசைக்கு.”

“அன்னைக்கு மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா, பிள்ளைக்கு அம்மை எப்படி இருக்குன்னு கேக்க வந்தாங்க. ‘இன்னைக்குப் பையைப் பாத்துக்கக் கோயில்ல ஆளே இல்லம்மா, தம்பி வரலையா’ன்னாங்க.”

வெங்காயம் எனக்கும் கண்ணைக் கரித்தது. முழுப் பூசணிக்காயை இரண்டு வருஷமாகச் சோற்றில் மறைத்து வைத்திருந்தேன். பரிமாறியவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

“தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

“உங்க ஆத்துமம். நீங்கதான சோதிக்கணும்” என்றாள்.

புதுநன்மைக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலையில், பாவசங்கீர்த்தனம். வெளியூரிலிருந்து வயசான ஃபாதர் ஒருவர் வந்திருந்தார். பிள்ளைகள் வரிசையாகப் போவதும், ஒரு நிமிஷத்தில் முகம் மலர வெளியே ஓடி வருவதுமாக இருந்தார்கள். என் மகளும் போனாள், வந்தாள். என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்து, “ஆனா சொல்லாதீங்க” என்றாள்.

உள்ளே போய் முட்டி போட்டேன். படித்ததெல்லாம் மறந்தது. பழக்கதோஷத்தில், “யுவர் ஆனர்” என்றேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, “அவரு மேல இருக்காரு. நான் குமாஸ்தா மாதிரி. சொல்லுங்க” என்று குரல் வந்தது.

சொன்னேன். குழம்பு, மாமனார் போன், ஜூனியரைத் திட்டியது எல்லாம் சொல்லி, கடைசியில் அண்ணன் விஷயத்துக்கு வந்தேன். வந்ததும் என்னை அறியாமல் கோர்ட்டுக்குப் போய்விட்டேன். முதல் பந்தி, கடைசிப் பந்தி, வடை, அப்பளம் என்று வரிசைக்கிரமமாக வாதாடிக்கொண்டு போனேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாட ஆரம்பித்துவிட்டது காதில் விழுந்தது. ஃபாதர் பொறுமையாகக் கேட்டார்.

“இதுவரைக்கும் உங்க அண்ணன் பாவம் நாலு சொல்லியிருக்கீங்க. மதினி பாவம் ரெண்டு. வடை பரிமாறுனவரு பாவம் ஒண்ணு. அவங்களுக்கெல்லாம் நான் இங்கருந்து மன்னிப்புக் குடுக்க முடியாது, அவங்கவங்க வந்து கேக்கணும். உங்களுது ஏதாவது இருக்கா?”

“அடுத்த வாரத்துக்கு வாய்தா கிடைக்குமா ஃபாதர்?”

“நாளைக்கு உங்க பொண்ணுக்குப் புதுநன்மைன்னு சொன்னீங்களே.”

பயமாக இருந்தது. யார் என்ன சொல்லிவிடுவார்கள் என்று இல்லை, அந்த வாக்கியத்தை என் வாயால் நானே கேட்கப்போகிறேனே என்று பயம். நாற்காலி ஓட்டை வழியாகப் பார்த்த கண் ஞாபகம் வந்தது. சொல்லிவிட்டேன்.

“நான் அன்னைக்குப் பூசைக்குப் போகல. திருப்பரங்குன்றத்துல டீக்கடையில உக்காந்து வெட்டிப் பேச்சுப் பேசிக்கிட்டிருந்தேன். நேரம் போனது தெரியல. அண்ணன் வீட்டுல பூசையாலதான் லேட்டுன்னு பொய் சொன்னேன். அந்தப் பொய்ய வச்சே சண்டையும் போட்டேன்.”

அவ்வளவுதான். மொத்தமே நாலைந்து வாக்கியம். இரண்டு வருஷமாக நான் நடத்திய வழக்கு அதற்குள் அடங்கிவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

ஃபாதர் மன்னிப்பு மந்திரம் சொல்லி முடித்ததும் என் கை தானாக எழுந்து இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டது. முருகன் சன்னதியில் பழகிய கை. அவர் தடுப்பு வழியாகப் பார்த்திருக்க வேண்டும். “அதுவும் சரிதான்” என்றார். பிறகு அபராதம் விதித்தார். “மூணு அருள்நிறைந்த மரியே செபம் சொல்லுங்க. இன்னைக்கே அண்ணன் வீட்டுக்குப் போயி ஒரு வேளை சாப்புடுங்க. எத்தனாவது பந்தின்னு கேக்கக் கூடாது.”

மகளை வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு அங்கிருந்தே கிளம்பினேன். வழியெல்லாம் அவள் என் முதுகில் தட்டித் தட்டி, “ஆனா வரக் கூடாது, ஆனா வரக் கூடாது” என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

மதினிதான் கதவைத் திறந்தார். நேற்று வந்துவிட்டுப் போனவனைப் போல, “வாங்க தம்பி, வெயில்லயா வாரீங்க” என்றார். அண்ணன் பனியனோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், பேப்பரை மடித்தார். உட்கார்ந்தால் பேச்சு வளைந்துவிடும் என்று நான் நின்றுகொண்டே சொன்னேன்.

“அண்ணே, அன்னைக்கு நான் பூசைக்குப் போகல. டீக்கடையில உக்காந்திருந்தேன். உங்ககிட்டச் சொன்னது பொய். சண்டை போட்டதும் தப்பு.”

வாயில் வந்துவிட்ட ‘ஆனா’வை எச்சிலோடு விழுங்கினேன். மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியும்டா” என்றார் அண்ணன்.

“என்ன தெரியும்?”

“தயிர் பத்தலைன்னு வாங்க வந்தேன். நீ டீக்கடையில உக்காந்து பேசிக்கிட்டிருந்த. பஸ்சுல துண்டு போட்டு வச்சா மட்டும் இடம் சொந்தமாயிருமா, வந்து உக்காந்தவனுக்குத்தான் பாத்தியதைன்னு. அம்புட்டுச் சத்தமா. இங்க முதப் பந்தியில உனக்கு என் துண்டத்தான் போட்டு வச்சிருந்தேன். வந்து எடுத்துட்டேன். வக்கீலே சொல்லிட்டான், செல்லாதுன்னு.”

டீக்கடையில் அந்த வாதத்தில் நான் ஜெயித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

“அப்ப நான் பொய் சொன்னப்பவே கேட்டிருக்கலாம்லண்ணே. எல்லாரும் இருந்தாங்களே.”

“எல்லாரும் இருந்தாங்க, அதான் கேக்கல. நீ சாமி பேரச் சொல்லிட்ட. எந்தச் சாமியா இருந்தா என்ன? சாமி பேரச் சொல்லிப் பொய் சொன்னான்னு எந்தம்பிய நாலு பேரு பேசவா? நீயே ஒருநா வந்து சொல்லுவன்னு இருந்தேன். என்ன, கொஞ்சம் லேட்டு. நீ எதுக்குத்தான் நேரத்துக்கு வந்த.”

அழுதுவிட்டேன். நாற்பத்துச் சொச்சம் வயதில், மதினி முன்னால், மகள் முன்னால். மதினி பார்க்காதவர் போல உள்ளே போய் உளுந்தை ஊறப்போட்டார். அன்று நாங்கள் சாப்பிட மூன்று மணிக்கு மேல் ஆனது, வடைக்காகத்தான். அண்ணன் இலைக்கு எதிரில் உட்கார்ந்து, போதும் போதும் என்று சொல்லச் சொல்ல வைத்துக்கொண்டே இருந்தார். அபராதம் கொஞ்சம் அதிகமாகவே கட்டினேன். கிளம்பும்போது மகள், “பெரியப்பா, நாளைக்கு எனக்குப் புதுநன்மை. பெரியம்மாவும் நீங்களும் வாங்க” என்று கூப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோயிலுக்குப் போனபோது அண்ணனும் மதினியும் எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தார்கள். நெற்றி நிறையத் திருநீறும் வெள்ளை வேட்டியுமாக, புதுநன்மைப் பிள்ளைகளின் குடும்பத்துக்கு ஒதுக்கிய முன்பெஞ்சில் அண்ணன் அமர்ந்திருந்தார். பக்கத்தில் நீளமாக ஒரு துண்டு விரித்திருந்தது. “உக்காரு” என்று அதை எடுத்தார். மகள் வெள்ளைக் கவுனும் தலையில் பூ வளையமுமாகப் பிள்ளைகளோடு முன்னால் நின்றிருந்தாள். நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பி, நான் இருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டாள்.

நன்மை வாங்கும் நேரம் வந்தது. பெஞ்சுகள் எழுந்தன. வழக்கம்போலப் பின்னாலிருந்து இரண்டு கைப்பையும் ஒரு குடையும் என் தோளுக்கு மேலாக வந்தன. நானும் பழக்கதோஷத்தில் வாங்கிவிட்டேன். எழவும் இல்லை. அண்ணன் முழங்கையால் என் விலாவில் இடித்தார்.

“பந்தி ஆரம்பிச்சிருச்சுடா. முதப் பந்தி. எந்திரி.”

பைகளையும் குடையையும் என்னிடமிருந்து பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் எழுந்து போனேன். மகள் கையை நீட்டினாள். அன்றைக்கு அடித்துச் சத்தியம் வாங்கிய அதே கை. பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவளுக்குக் கொடுத்தார்கள், எனக்கும் கொடுத்தார்கள்.

திரும்பி வந்தபோது எங்கள் பெஞ்சுக்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் உட்கார இடமில்லாமல் முறைத்துக்கொண்டு நின்றிருந்தார். அண்ணன் மடி நிறையப் பையோடு அவரிடம், “ஆள் வருதுங்க. துண்டு போட்டிருக்குல்ல, பாக்கலையா?” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆள் நியாயம் கேட்பது போல என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் பேசாமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு என் இடத்தில் உட்கார்ந்தேன்.